எதிர்வீட்டு விறாந்தையின் நிறம்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளைகள் கலியாணம் முடித்தால் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் இரண்டு தம்பிமாரும் அப்படித்தான் போனார்கள். ஒருவன் களுவாஞ்சிகுடிக்கு, மற்றவன் வாழைச்சேனைக்கு. அமிர்தகழியில் வாவியை நோக்கிப் போகும் ஒழுங்கையில் இருக்கிற இந்த வீடு எனக்கென்று கட்டியது. வீடு கட்டி முடிந்தது, மாப்பிள்ளைதான் வரவில்லை. பேசிய இடங்கள் ஒன்றும் சரிவரவில்லை, பிறகு இனிப் பேச வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அம்மாவும் போன பிறகு இவ்வளவு பெரிய வீட்டில் நான் மட்டும். தம்பிமார் இடைக்கிடை வருவார்கள். வந்து செருப்பைக் கழற்றும்போதே எத்தனை மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவார்கள்.

நான் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். பின்னேர வகுப்பும் முடித்துக்கொண்டு வர இருட்டிவிடும். ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் வெளிச்சம் இருக்கும், என் வீடு மட்டும் கறுப்பாக நிற்கும். கைப்பைக்குள் திறப்பைத் தேடிக்கொண்டு கேற்றடியில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடிக்காது. பயமில்லை, கோபம்தான். ஒருத்தி வேலை முடித்து வருகிறாள் என்று தெரிந்தும் ஒரு பல்புகூட எரியாத வீடு என்ன வீடு என்று கோபம். வீட்டோடு கோபித்து என்ன செய்வது? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.

சுருளாக வரும் ஸ்ட்ரிப் லைற் ஒன்றையும், தீப்பெட்டிக்குள் அடங்கிவிடுகிற வைபை போர்ட் ஒன்றையும் ஒன்லைனில் எடுப்பித்தேன். கடையில் விற்கிற சாதாரண ஸ்ட்ரிப் முழுவதும் ஒரே நிறத்தில்தான் எரியும். நான் எடுத்தது அப்படியில்லை. அதில் ஒவ்வொரு சின்ன விளக்குக்கும் ஓர் இலக்கம் உண்டு. நீ சிவப்பு, நீ அணைந்திரு, நீ பக்கத்தில் இருப்பவனின் நிறத்தை வாங்கிக்கொள் என்று தனித்தனியாகச் சொல்லலாம். சொல்வதற்கு ஒரு சின்னக் கணினி நிரல் போதும். அதைப் போர்டில் ஏற்றிவிட்டால் பிறகு வயரும் தேவையில்லை, வீட்டு வைபையில் இருக்கிற எந்தப் போனிலிருந்தும் மாற்றலாம். விறாந்தைக் கூரையின் ஓரத்தில் ஒட்டினேன். பொழுது படும் நேரத்தில் மஞ்சளாக எரியவேண்டும் என்று எழுதி வைத்தேன். முதல் நாள் ஒழுங்கைத் திருப்பத்தில் வரும்போதே வெளிச்சம் தெரிந்தது. நான் எழுதிய வெளிச்சம்தான் என்று தெரிந்தும் கால் கொஞ்சம் விரைவாக நடந்தது, அதை ஏன் மறைக்க?

மஞ்சளோடு நின்றிருந்தால் ஒரு கதையும் இல்லை. தனியாக இருக்கிறவளுக்குப் பின்னேரம் நீளம். வெள்ளைப் புள்ளிகள் அங்குமிங்கும் விழுந்து மறைகிற ஒரு நிரல் எழுதி அதற்குத் 'தூறல்' என்று பெயர் வைத்தேன். பிறகு 'தோணி' எழுதினேன். கடும் நீலத்தில் முழு ஸ்ட்ரிப்பும் எரியும், அதில் ஒரேயொரு மஞ்சள் விளக்கு ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மெதுவாகப் போகும். வாவியில் இறால் பிடிக்கப் போகிறவர்களின் விளக்கு அப்படித்தான் தெரியும்; போகும், நிற்கும், கொஞ்சம் ஆடும், பிறகு போகும். அந்த ஆட்டத்தைச் சரியாகக் கொண்டுவர எனக்குப் பல நாள் பிடித்தது. கடைசியில் சரிவந்தபோது "ஆ, இதுதான்!" என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு யாருக்குச் சொன்னேன் என்று திரும்பிப் பார்த்தேன்.

அதைப் பார்த்த முதல் ஆள் எதிர்வீட்டுக்காரி. என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். மாங்கேணிப் பிள்ளை, தகப்பன் இந்த ஒழுங்கையில் வளவு வாங்கி வீடு கட்டிச் சீதனமாகக் கொடுத்தார். புருஷன் வந்து அந்த வீட்டில் ஒரு வருஷம் இருந்திருப்பார், அதற்குப் பிறகு கட்டார் நாட்டில்தான். ஏசி பூட்டுகிற கொம்பனியில் வேலை. பிள்ளையும் இல்லை. என் வைபையின் பாஸ்வேர்டை அவளுக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் சிக்னல் அவள் வீட்டு விறாந்தை வரைதான் போகும், உள்ளே போகாது. அதனால் புருஷனோடு வீடியோவில் கதைப்பது, அரிசி களைவது, வெங்காயம் உரிப்பது எல்லாம் விறாந்தையில்தான். கதைத்து முடிந்தால் கேற்றைத் திறந்துகொண்டு என்னிடம் வந்துவிடுவாள். அவள் வருகிற அந்த ஒரு மணித்தியாலம்தான் என் நாளில் நான் வாய் திறந்து கதைக்கிற நேரம். பாடசாலையில் கதைப்பது கணக்கில் வராது, அது சம்பளத்துக்கு.

"டீச்சரக்கா, உங்கட லைற்றப் பாத்துக்கிட்டே சோத்தக் கருக விட்டுட்டன்," என்றாள் ஒருநாள். "எனக்கும் இப்படி ஒண்டு பூட்டித் தாங்களன்கா."

தீபாவளிக்குப் பூட்டிக் கொடுத்தேன். அவளுடைய போர்டுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்கச் சோம்பலாக இருந்தது. என் போர்டில் இருந்த அமைப்பை அப்படியே பிரதி எடுத்து அதில் ஏற்றிவிட்டேன். பார்க்காமல் பிரதி எடுக்காதீர்கள் என்று பிள்ளைகளை ஏசுகிற அதே டீச்சர்தான். இந்த மாதிரிப் போர்டுகளில் ஓர் ஏற்பாடு உண்டு: ஒரே வைபையில் இரண்டு போர்ட் இருந்தால் ஒன்று மாறும்போது மற்றதும் கேட்டு மாறிக்கொள்ளும். பெரிய மண்டபங்களுக்கு அது வசதி. பிரதி எடுத்தபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது.

அன்று பின்னேரம் நான் என் விறாந்தையைப் பச்சையாக்கினேன். எதிரே அவள் விறாந்தையும் பச்சையானது. நான் 'தூறல்' போட்டேன். அங்கேயும் தூறியது. அவள் கீழே இருந்து புருஷனோடு கதைத்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. எனக்கு என்ன நடந்தது என்று உடனே விளங்கிவிட்டது. நிற்பாட்ட ஒரு தட்டுத் தட்டினால் போதும். நான் தட்டவில்லை.

தட்ட மனம் வரவில்லை. ஒழுங்கையின் இந்தப் பக்கம் நான் நீலம் போட, அந்தப் பக்கமும் ஒரு வீடு நீலம் போட்டது. நான் மாற்ற அதுவும் மாறியது. அது என் நிரல்தான், என் வைபைதான், என் விரல்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே அதைத் துணை என்று வைத்துக்கொண்டேன். அவளிடமும் சொல்லவில்லை. "டீச்சரக்கா, இது தானா மாறுது, நல்ல வடிவு," என்று அவள் சொன்னபோது "ஓம் புள்ள" என்றுதான் சொன்னேன்.

கொஞ்சக் காலம் அப்படிப் போனது. பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் அவள் கண் வீங்கி வந்து நின்றாள்.

"அவர் கதைக்கிறாரில்லக்கா. நான் எடுத்தா வெட்டுறார்."

"ஏன் புள்ள? சண்டையா?"

"லைற்றால வந்த சண்டை."

அவள் விறாந்தையில் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்துவைத்து, அவர் அங்கே கட்டிலில் இருந்து, ஊர்க்கதை நடந்திருக்கிறது. அப்போது அவளுக்குப் பின்னால் சுவர் மஞ்சளிலிருந்து நீலமாகியிருக்கிறது. அவளுடைய இரண்டு கையும் இறாலில். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஆரு புள்ள உள்ளுக்கு? எண்டு கேட்டார்கா. ஒருத்தருமில்ல, அது தானா மாறுற எண்டு சொன்னன். தானா மாறுறத்துக்கு அதுக்கென்ன உசிரா இரிக்கி, எங்கட றூமிலயும் ஒருத்தன் இத வச்சிருக்கான், ஆராவது அமத்தினாத்தான் மாறும் எண்டார். முந்தியும் ரெண்டு மூணு தரம் கண்டவராம். பேசாம இருந்து பாத்தவராம்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் என்னத்தச் சொல்ல? எனக்கே தெரியாதே."

அந்த நீலம் எனக்குத் தெரியும். அன்று நான் 'தோணி'யின் வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வெறும் பின்னேரத்துக்கு ஒரு விளையாட்டு. அது இந்தப் பிள்ளையின் வீட்டுக்குள் இல்லாத ஓர் ஆம்பிளையைக் கொண்டுவந்து இருத்திவிட்டது. அவள் வாழ்க்கை கெட்டால் நான் எந்த முகத்தோடு இந்த ஒழுங்கையில் நடப்பது? அதைவிட, அவள் இனி என் கேற்றைத் திறப்பாளா? இரண்டாவது நினைப்புத்தான் எனக்கு முதலில் வந்தது, உண்மை அதுதான்.

என் போனிலிருந்து அவருக்கு வீடியோவில் எடுத்தேன். தெரியாத இலக்கம் என்று அவர் எடுத்தார். ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டில்கள், கம்பியில் துவாய்கள், பின்னால் யாரோ குறட்டை விடுகிற சத்தம். எனக்கு நன்றாகக் கோபமும் வந்தது. பிழை என்னுடையதாக இருக்கட்டும், அதற்காக இவளைச் சந்தேகப்படுவதா?

"தம்பி, நான் எதிர்வீட்டு டீச்சர் கதைக்கிறன். உங்கட விறாந்தைக்குள்ள ஒரு ஆள் லைற்ற மாத்தினது மெய்தான். அந்த ஆள் நான்தான்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கப்படுத்துவதைவிடக் காட்டிவிடுவது சுகம் என்று போனை அவளிடம் கொடுத்து, இரண்டு விறாந்தையும் தெரியும்படி ஒழுங்கை நடுவில் நிற்கச் சொன்னேன். மழைக்கருக்கல் கட்டிய காலை, நிறம் தெரிந்தது. நான் லப்டொப்பைத் திறந்துகொண்டு என் படியில் இருந்தேன்.

"என்ன நிறம் வேணும் எண்டு கேள் புள்ள."

"பச்சையாம்கா."

பச்சை போட்டேன். இரண்டு வீடும் பச்சை.

"ஊதாவாம்."

ஊதா. பிறகு சிவப்பு. பிறகு 'அணைக்கச் சொல்றார்கா' என்றாள், அணைத்தேன். பிறகு அந்த மனிதர் அழுகிறார் என்று அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் ஒன்றும் பார்க்காதவள் மாதிரி லப்டொப்புக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அவர்கள் சமாதானமான பிறகு அவள் படியில் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"ஏன்கா எனக்கிட்டச் சொல்லல்ல?"

"ஒரு ஆள் கூட இரிக்கிற மாதிரி இருந்திச்சு," என்றேன். இந்த வயதில் அப்படியொரு பதிலைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லியிருந்தா நானும் மாத்தியிருப்பனே," என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. இவ்வளவு காலமும் என் விரலுக்கே நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் நீலம் போட அவள் உண்மையாகவே பச்சை போட்டிருப்பாள். இனியாவது என்று நான் வாயெடுப்பதற்குள் போன் திரும்பவும் அடித்தது. அவர்தான்.

"டீச்சர், ஒண்டு கேக்கட்டா? இஞ்ச இருந்தும் அத மாத்த ஏலுமா?"

பிள்ளைகள் சரியான கேள்வியைக் கேட்டால் எனக்கு யோசனைக்கு முன்பே வாய் பதில் சொல்லிவிடும். தொழிலோடு வந்த வியாதி. "ஓம் தம்பி, ஏலும்," என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலைதான். அவர் கட்டாரில் ஒரு நிறத்தைத் தொட்டால் அது இணையத்தில் ஓரிடத்தில் போய் நிற்கும். எதிர்வீட்டுப் போர்ட் அங்கே போய்ப் போய்க் கேட்டு, இருப்பதை எடுத்துவந்து எரியும். போய்வருவது என் றவுட்டர் வழியாக. இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வந்தால் குழம்பும் என்பதால், என் போர்டைக் கேட்கிற ஏற்பாட்டை அவள் போர்டில் நிற்பாட்டினேன். அன்றைக்குத் தட்டாத அந்தத் தட்டுத்தான். தட்டிவிட்டு என் விறாந்தையை மஞ்சளாக்கிப் பார்த்தேன். எதிரே மாறவில்லை. வேலை சரி.

அவருக்கு ஆசை கூடிவிட்டது. இரவில் வேலைத்தளத்திலிருந்து குரல் பதிவு அனுப்புவார். கல்லடிப் பாலத்தில் மோட்டார்சைக்கிளில் போகும்போது விளக்குகள் பின்னால் ஓடுவது மாதிரி ஒன்று எழுதலாமா டீச்சர் என்பார். எழுதிக் கொடுத்தேன். அவள் பிறந்தநாளுக்கு ஒன்று கேட்டார்: இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொரு வெளிச்சம் புறப்பட்டு வந்து, நடுவில் சந்தித்து, அங்கேயே நிற்க வேண்டும். நிரல் என்று பார்த்தால் அது ஆறேழு வரி, பத்தாம் வகுப்புப் பிள்ளை எழுதும். ஆனால் கொடுக்கும் முன் ஓடவிட்டுப் பார்க்க வேண்டுமல்லவா? என் கூரையில்தான் ஓடவிட்டேன். இரண்டு வெளிச்சமும் ஆறுதலாக வந்து என் தலைக்கு நேரே சந்தித்து நின்றன. நான் கதிரையில் இருந்து அண்ணாந்து பார்த்தேன். வேகம் கொஞ்சம் கூட என்று திருத்தினேன். திரும்பவும் ஓடவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் பின்னேரங்களில் வருவது குறைந்தது. கோபமோ விலகலோ ஒன்றுமில்லை, அவளுக்கு நேரமில்லை. வேலை முடிந்தால் ஒரு நிறம், பஸ் ஏறினால் ஒரு நிறம், றூமுக்கு வந்தால் ஒரு நிறம் என்று அவர்களுக்குள் ஒரு பாஷை உண்டாகியிருந்தது. "டீச்சரக்கா, பச்சை போட்டுட்டார், பஸ்ஸுக்குள்ள ஏறிட்டார்!" என்று கேற்றில் நின்று கத்துவாள். கருஞ்சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் சொல்லவில்லை. அது விழுந்தால் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள். நான் கேட்கவும் இல்லை, அந்தளவு விவரம் எனக்கும் உண்டு.

பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பிரயோசனமில்லை. புருஷன் பெண்சாதி சந்தோஷமாக இருப்பதைப் பார்த்து, அதுவும் நானே பூட்டிக் கொடுத்த சந்தோஷத்தைப் பார்த்து, எனக்குப் பொறாமை. களுவாஞ்சிகுடிக்குத் தம்பி வீட்டுக்குப் போய் ஓரிரவு நின்றாலும் றவுட்டரை நிற்பாட்டாமல்தான் போவேன். அதை அணைத்தால் அவர் வீட்டுக்கு வரும் வழி அடைபட்டுவிடும்.

போன மார்கழியில் ஒருநாள். பகல் முழுக்க மழை, வாவி ஏறி ஒழுங்கையின் கடைசி இரண்டு வளவுக்குள்ளும் தண்ணீர் வந்திருந்தது. நான் வரும்போது எதிர்வீட்டு விறாந்தை வெள்ளையாக இருந்தது, முந்தின நாள் அவர் போட்ட வெள்ளை அப்படியே நின்றது. அவள் கதிரையில் கால் இரண்டையும் தூக்கிவைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தாள். நான் உடுப்பு மாற்றி, தேநீர் குடித்து, பிள்ளைகளின் கொப்பி திருத்தத் தொடங்கிய பிறகும் அது வெள்ளைதான். போனைக் காதில் வைப்பாள், எடுப்பாள், பார்ப்பாள், திரும்ப வைப்பாள். அவர் வேலை முடிகிற நேரம் எப்போதோ போய்விட்டது.

லப்டொப் மேசையில் திறந்திருந்தது. அவளுடைய போர்டின் பெயர் இன்னும் என் பட்டியலில் இருக்கிறது. ஒரு பச்சை போட்டால் போதும். 'பஸ் ஏறிட்டார்' என்று துள்ளி எழும்புவாள், போய்ச் சோறு தின்பாள். என் விரல் அதன்மேல் போய் நின்றது. நல்லெண்ணம் என்று சொல்ல மாட்டேன். அவள் முகத்தில் அந்தச் சந்தோஷத்தை வரவழைப்பது நானாக இருக்கட்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது. ஆனால் அந்த மனிதருக்கு அங்கே என்ன நடந்ததோ தெரியாது. அவருக்கு ஒன்று என்றால், அவர் பேசாத நேரத்தில் அவருடைய வாயால் நான் பேசியதாகிவிடும். லப்டொப்பை மூடினேன். குடையை எடுத்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தேன்.

கேற் சத்தத்துக்கு அவள் பாய்ந்து எழும்பினாள். "ஆரு?"

"நான்தான் புள்ள."

"ஓ, டீச்சரக்காவா," என்று திரும்பவும் இருந்தாள். பிறகுதான் "வாங்ககா, நனையுறீங்க," என்றாள்.

கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தேன். ஒரு கம்பி வேலிக்கும் மழைக்கும் அப்பால் என் வீடு மஞ்சளாக நின்றது. அங்கிருந்து பார்க்க யாரோ இருக்கிற வீடு மாதிரித்தான் இருந்தது. அவளுக்குப் பயம் போகட்டும் என்று அதையும் இதையும் கேட்டேன். மெல்லமெல்ல அவளும் கதைக்கத் தொடங்கினாள். மாங்கேணியில் இப்படி மழை நாளில் தகப்பன் கடலுக்குப் போய்விட்டால், அவர் வரும்வரை தாய் அடுப்பை அணைக்க விடமாட்டாவாம். அடுப்பு எரிந்தால் ஆள் வருவார் என்று நம்பிக்கையாம். சொல்லிக்கொண்டே என் தோளில் தலையைச் சாய்த்தாள். எண்ணெய் வைத்த தலை, மழை ஈரம். எத்தனையோ கிழமைக்குப் பிறகு அப்படி ஒரு பின்னேரம். கடவுளே, அந்தப் பிள்ளையின் புருஷன் எங்கே என்று தெரியாத நேரத்தில், போன் இன்னும் கொஞ்ச நேரம் அடிக்காமல் இருக்கட்டும் என்று நான் நினைத்தேன்.

எங்கள் மேலே கூரை திடீரென்று மஞ்சளாகியது, பிறகு பச்சை, பிறகு நான் எழுதாத ஏதோ ஒரு நிறம். போன் அடித்தது. அவள் தலையை எடுத்த வேகத்தில் என் தாடையில் இடித்தது.

"எங்க போய்த் துலைஞ்சீங்க? நான் இஞ்ச செத்துப் போனன்!" என்று அழுதுகொண்டு சிரித்தாள். பஸ் வழியில் நின்றுவிட்டதாம், போனில் சார்ஜும் இல்லையாம். அவர் சொல்வது எனக்கும் கேட்டது. அவள் போனோடு தூணில் சாய்ந்துகொண்டாள், முதுகு என் பக்கம். டீச்சரக்காவும் இருக்கிறா என்று சொல்லித் திரும்புவாள், நானும் ஒரு வார்த்தை கதைத்துவிட்டு எழும்பலாம் என்று காத்திருந்தேன். அவர் என்னவோ சொல்ல அவள் சிரித்தாள். திரும்பவும் சிரித்தாள். நான் எழும்பிக் குடையை விரித்தேன். கேற் துருப்பிடித்தது, நன்றாகச் சத்தம் போடும். சாத்திவிட்டு வந்தேன்.

காலையில் பாடசாலைக்குப் புறப்படும்போது கேற்றடிக்கு ஓடிவந்தாள். முகம் கழுவாத முகத்திலும் சிரிப்பு.

"டீச்சரக்கா, ராவு நீங்க எப்ப போனீங்க? நான் காணவே இல்லயே."

"மழை விட்டவுடன போயிட்டன் புள்ள," என்றேன்.

"ஓம்கா, அதான்," என்று தலையாட்டினாள். மழை அப்போதும் விட்டிருக்கவில்லை. நாங்கள் இருவரும் குடை பிடித்துக்கொண்டு நின்றோம்.